உட்புறத்தைக் காணும் கண்



தோலில் கைவேலை செய்கிறவர்களுக்குள் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு தர்க்கம் உண்டு. ஒரு பையையோ, பர்சையோ, இடைவாரையோ, செருப்பையோ கையினால் செய்யும்போது, வெளியே தெரியும் பாகத்தை அழகுபடுத்தவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே மறைந்துபோகும் பாகத்துக்கு எவ்வளவு பாடுபடவேண்டும்? அதற்கும் பூவேலை வேண்டுமா? மெருகு வேண்டுமா? "யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று ஒருவர் கேட்கிறார். "நான் பார்க்கிறேனே, அது போதாதா?" என்று மற்றவர் பதில் சொல்லுகிறார்.

பட்டறையில் பேசவேண்டிய இந்தக் காரியத்துக்குப் பங்குப் பத்திரிகையில் என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். நமது ஆண்டவர் தச்சுப் பட்டறையில் வளர்ந்தவர். ஸ்நாபக அருளப்பர் இடுப்பில் கட்டியிருந்தது தோல்வார். அர்ச். சின்னப்பர் கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதிகளோடு தங்கி, கூடாரம் செய்து தம் கையால் பிழைத்தார். செருப்புத் தைப்பவர்களின் பாதுகாவலரான அர்ச். கிறிஸ்பீனும் அர்ச். கிறிஸ்பீனியானும் பிரான்சு தேசத்துச் சுவாசோன் பட்டணத்தில் பகலில் வேதம் போதித்து, இரவில் செருப்புத் தைத்தார்கள் என்று பரம்பரை சொல்லுகிறது. அவர்களுடைய திருநாள் அக்டோபர் மாதம் 25-ஆம் தேதி. ஆகையால் தோலும் ஊசியும் மெழுகு நூலும் நமது வேதத்துக்கு அந்நியமானவை அல்ல.

கேள்விக்கு மறுமொழியை மூன்று சொற்களில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைந்த இடத்துக்கு உறுதி கடன், சுத்தம் மரியாதை, அலங்காரம் காணிக்கை. கடனைக் கொடுத்தே தீரவேண்டும். மரியாதையை மனமுவந்து செலுத்தவேண்டும். காணிக்கையோ அன்பிருந்தால் மட்டும், முன்னிரண்டும் செலுத்தி முடிந்தபின் மட்டும் தரத்தக்கது. இந்த வரிசையை மாற்றினால் வேலையும் கெடும், ஆத்துமமும் கெடும்.

முதலாவது: உறுதி ஒரு கடன்

ஒரு தோலுக்கு இரண்டு புறம் உண்டு. மயிர் முளைத்திருந்த புறம் நெருக்கமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். சதையை ஒட்டியிருந்த புறம் சொரசொரப்பாகவும் நார்கள் தளர்ந்தும் இருக்கும். தொழிலாளி மயிர்ப்புறத்தை வெளியே வைத்து, சதைப்புறத்தை உள்ளே வைக்கிறான். இது ஏமாற்றல்ல, தொழிலின் முறை. ஆனால் உள்ளே மறைகிறது சதைப்புறம் மாத்திரமல்ல. மடிப்பு விழும் இடத்தில் தோலைச் சீவி மெலிதாக்கிய வேலை உள்ளேதான் இருக்கிறது. கைப்பிடி சேரும் இடத்தில் தாங்கலுக்கு வைத்த இரண்டாம் தோல் உள்ளேதான் இருக்கிறது. நூலின் முடிச்சும், பசையும், செருப்பின் நடுத்தோலும் உள்ளேதான். ஒரு பை பத்து வருஷம் உழைக்குமா, பத்து மாதத்தில் வாய் பிளக்குமா என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் நாம் பார்க்காத இடம்.

கையினால் நன்றாய்த் தைக்கிறவனைக் கவனித்திருக்கிறீர்களா? மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகளைக் கோத்துக்கொள்ளுகிறான். குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தி இழுக்கிறான். இப்படித் தைத்ததில் ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும், மறுபக்கத்து நூல் தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும். இயந்திரத் தையலிலோ மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கவ்வி நிற்கிறபடியால், ஓரிடத்தில் அறுந்தால் அக்கம்பக்கமும் தளர இடமுண்டு. கைத்தையலுக்கு அதிக விலை கொடுப்பது இந்த உறுதிக்காகவே.

சோதனை வரும் இடத்தை இப்போது பாருங்கள். அங்குலத்துக்கு 7 தையல் வீதம் ஓரடி நீளத்துக்கு 84 தையல் போடவேண்டும். உள்ளே மறையும் அடியில் அங்குலத்துக்கு 4 வீதம் போட்டால் 48-இல் முடிந்துவிடும். 36 தையல் மிச்சம், நேரமும் மிச்சம். அதுபோல, முழுவதும் தோல் என்று சொல்லி விற்கும் செருப்பின் நடுவில் ஓர் அட்டையைச் சொருகினால் காசு மிச்சம். கடையில் ஒருவருக்கும் தெரியாது. ஐப்பசி மழையில் இரண்டு நாள் நனைந்தால் தெரியும். அதற்குள் விற்றவன் கையில் பணம் சேர்ந்திருக்கும்.

இதற்கு என்ன பெயர்? சாமர்த்தியம் என்று சந்தையில் சொல்லுவார்கள். ஞானோபதேசத்தில் அதன் பெயர் களவு. ஏழாம் கட்டளைக்கு விரோதமான பாவம். வாங்குகிறவன் உள்ளே கத்தி வைத்துப் பிரித்துப் பார்க்க முடியாது. அவன் உன் வார்த்தையை நம்பிப் பணம் தருகிறான். பார்க்க முடியாதவனை ஏமாற்றுவது, குருடனுக்குச் சில்லறை குறைத்துக் கொடுப்பதற்குச் சமானம். ஆகையால் மறைந்த இடத்தின் உறுதி, தாராள மனசைப் பொறுத்த காரியமல்ல. அது விலையோடு சேர்ந்த கடன். வெளியில் எத்தனை பூக்கள் செதுக்கினாலும் அந்தக் கடன் தீராது.

இரண்டாவது: சுத்தம் ஒரு மரியாதை

மறைந்த இடங்கள் எல்லாம் ஒரே விதமானவை அல்ல. தெருவில் போகிறவன் காணாவிட்டாலும், சொந்தக்காரன் தினமும் காணும் இடம் ஒன்று: பர்சின் உட்பை, இடைவாரின் பின்புறம், பையின் உட்சுவர் போன்றவை. சொந்தக்காரனும் காணாமல், பின்னாளில் பழுதுபார்ப்பவன் மாத்திரம் பிரித்துக் காணும் இடம் மற்றொன்று. இந்த இரண்டு பேரும் நமது அயலார். அவர்களுக்குச் செலுத்தவேண்டியது மரியாதை.

அந்த மரியாதை எப்படி இருக்கும்? சதைப்புறத்து நார்கள் உதிர்ந்து ரூபாய் நோட்டிலும் உடையிலும் ஒட்டாதபடி, பிசின் தடவி வழவழப்பாகத் தேய்த்துவிடுவது. ஓரங்களை ஈரமாக்கித் தேய்த்து மூடுவது. நூல் முனையை ஒட்ட வெட்டுவது. பசை வழிந்த இடத்தைத் துடைப்பது. பழுதுபார்ப்பவன் அவிழ்க்கக்கூடிய விதமாய்த் தைப்பது. பத்து வருஷத்துக்குப் பிறகு முகம் அறியாத ஒரு தொழிலாளி அந்தப் பையைப் பிரித்து, "இதைச் செய்தவன் நல்ல மனுஷன்" என்று சொல்லுவானானால், அதுவே ஒரு சாட்சி.

ஆனால் அங்கே பூவேலை வேண்டுமா? அநேகமாக வேண்டியதில்லை, சில இடங்களில் கூடவே கூடாது. காரணம் தோலிலேயே இருக்கிறது. ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிட்ட தோலை ஈரப்படுத்தி மயிர்ப்புறத்தில் அச்சுக் குத்தினால் அந்த உரு பதிந்து நிற்கும். தளர்ந்த நாருள்ள சதைப்புறத்தில் அப்படித் தெளிவாய் நிற்காது. உட்பையில் மேடும் பள்ளமுமாய்ச் செதுக்கினால் வைக்கும் பொருள் சிக்கும். இடைவாரின் பின்புறத்தில் செதுக்கினால் உடை தேயும். இங்கே வெறுமையே அழகு. பொருள் எதற்காக உண்டாக்கப்பட்டதோ, அதற்கு இடைஞ்சல் செய்யும் அலங்காரம் அலங்காரமல்ல.

இதை வேதாகமமும் நமக்குக் கற்பிக்கிறது. யாத்திராகமத்தின் 20-ஆம் அதிகாரத்தில், கல்லால் பீடம் கட்டினால் வெட்டிச் செதுக்காத கற்களால் கட்டவேண்டும், அதன்மேல் ஆயுதம் படலாகாது என்று சர்வேசுரன் மோயீசனுக்குக் கட்டளையிட்டார். தமக்குரிய பீடத்திலேயே உளி படவேண்டாமென்றவர், அலங்காரம் எங்கும் எப்போதும் புண்ணியம் என்று சொல்லவில்லை.

மூன்றாவது: அலங்காரம் ஒரு காணிக்கை

அப்படியானால் மறைந்த இடத்து அலங்காரம் எல்லாம் வீண் என்று சொல்லிவிடலாமா? சொல்லலாகாது. அதே யாத்திராகமத்தின் 26-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வனாந்தரத்தில் அமைத்த ஆசாரக் கூடாரத்துக்கு நான்கு மூடல்கள். எல்லாவற்றுக்கும் மேலே முரட்டுத் தோல் மூடல். அதன் கீழே சிவப்புச் சாயம் தோய்த்த ஆட்டுக்கடாத் தோல். அதன் கீழே வெள்ளாட்டு மயிர்க் கம்பளித் திரைகள் பதினொன்று. எல்லாவற்றுக்கும் அடியில், உள்ளே, நீலமும் ஊதாவும் சிவப்பும் கலந்து கெருபீன்களின் உருவம் நெய்த மெல்லிய பட்டாடை போன்ற திரைகள் பத்து. வெயிலையும் மணற்காற்றையும் தாங்கினது தோல். பாளையத்தில் நின்ற ஜனங்கள் கண்டதும் அந்தத் தோலைத்தான். கெருபீன்களின் அழகைக் கண்டவர்கள் உள்ளே ஊழியம் செய்த குருக்கள் மாத்திரமே. மகா பரிசுத்த ஸ்தலத்துக்கு மேலே இருந்த பாகத்தையோ, வருஷத்துக்கு ஒருதரம் உள்ளே பிரவேசித்த பிரதான குரு ஒருவர் மாத்திரம், அதுவும் தூபப் புகையின் நடுவே, காணமுடிந்தது.

இதென்ன கணக்கு! மனுஷன் வகுத்திருந்தால் அழகை வெளியிலும் முரட்டுத்தனத்தை உள்ளேயும் வைத்திருப்பான். அங்கே அழகின் இடத்தை நிச்சயித்தது, எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதல்ல, யாருக்காக என்பதே.

இன்னொரு திருஷ்டாந்தம் கேளுங்கள். இது முழுவதும் தோல் வேலையைப் பற்றியது. வட இங்கிலாந்தில் லிண்டிஸ்பார்ன் தீவின் மேற்றிராணியாராயிருந்த அர்ச். கத்பர்ட் என்பவர் 687-ஆம் ஆண்டில் மரித்தார். அவருடைய சவப்பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகம் வைக்கப்பட்டது. அது அர்ச். அருளப்பர் எழுதின சுவிசேஷம். உயரம் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர், அகலம் 9, உள்ளங்கையில் அடங்கும். 700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்நியாசிகள் அதை எழுதிக் கட்டினார்கள். பிர்ச் மரப் பலகைகளின்மேல் சிவப்புச் சாயமிட்ட வெள்ளாட்டுத் தோலைப் போர்த்தி, முன்புறத்தில் ஒரு பாத்திரத்திலிருந்து முளைத்துப் படரும் கொடி, தோலில் புடைத்து எழும்பும்படி வேலை செய்திருக்கிறார்கள். நமது ஆண்டவர் தம்மைத் திராட்சைச் செடிக்கு ஒப்பிட்டது இந்தச் சுவிசேஷத்தில்தானே!

இவ்வளவு அழகை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? இருட்டில், சவப்பெட்டிக்குள். வடதேசத்துக் கடற்கொள்ளைக்காரருக்குப் பயந்து சந்நியாசிகள் அந்தப் பெட்டியை ஊர் ஊராய்ச் சுமந்து திரிந்தார்கள். 1104-ஆம் ஆண்டில் டர்ஹாம் பட்டணத்தில் பெட்டியைத் திறந்தபோதுதான் புத்தகம் வெளிப்பட்டது. பின்னாளில் அது சேசு சபையாரின் கைக்கு வந்து, அவர்கள் வசம் நெடுங்காலம் இருந்தது. 2012-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நூலகம் 90 லட்சம் பவுன் கொடுத்து அதை வாங்கிற்று. ஐரோப்பாவில் கட்டுக் கலையாமல் இன்றுவரை முழுமையாய் நிற்கும் மிகப் பழைய புத்தகம் அதுவே.

பிரியமானவர்களே, அந்தத் தோலைத் தைத்த சந்நியாசியின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. நூலகத்துக் கண்ணாடிக்குள் அது வைக்கப்படும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். கொடியை ஒழுங்காய்ச் செய்தார், தையலை உறுதியாய்ப் போட்டார், கையைக் கழுவிக்கொண்டு செபத்துக்குப் போனார். அழகு செய்ததை மாத்திரம் பாராதேயுங்கள். 1300 வருஷமாய்த் தையல் விடாததையும் பாருங்கள். கடனைத் தீர்த்தவர் காணிக்கை கொடுத்தார்.

காணிக்கைக்கு உரிய நிபந்தனைகள்

மறைந்த இடத்தில் அழகு செய்ய ஆசையுள்ள தொழிலாளிக்கு மூன்று எச்சரிக்கை சொல்லவேண்டும்.

முதல் எச்சரிக்கை: வாங்குகிறவன் கேளாத பூவேலையை உள்ளே செய்துவிட்டு, அதற்கு அவனிடம் விலை கேளாதே. காணிக்கைக்கு ரசீது எழுதலாகாது.

இரண்டாம் எச்சரிக்கை: உன் வீட்டாரின் பங்கை எடுத்துக் காணிக்கை செலுத்தாதே. பிள்ளைகள் தகப்பன் முகத்தைக் காணாமல் தூங்கப்போக, மனைவி அரிசிக்குக் கடன் கேட்டு நிற்க, நீ நடுஇரவு வரைக்கும் பர்சின் உள்மடிப்பில் மல்லிகைக் கொடி செதுக்கிக்கொண்டிருந்தால், அது கலை மோகமே தவிர பக்தி அல்ல. நேரமும் சர்வேசுரன் கொடுத்த திரவியம். அதில் முதல் உரிமை யாருக்கு என்று உன் மனச்சாட்சியைக் கேள்.

மூன்றாம் எச்சரிக்கை: வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் உட்புறத்தைத் திருப்பிக் காட்டாதே. எக்காளம் ஊதித் தருமம் செய்கிறவர்கள் தங்கள் சம்பாவனையை இங்கேயே வாங்கிக்கொண்டார்கள் என்று நமது ஆண்டவர் எச்சரித்தார் அல்லவா? காட்டிக் காட்டிப் புகழ் வாங்கின உட்புறம், இன்னொரு வெளிப்புறமாகிவிட்டது. அந்தரங்கத்தில் பார்க்கிற பிதாவுக்கு என்று வைத்த பூவை அவருக்கே விட்டுவிடு.

எல்லாவற்றிலும் மறைந்துபோனது

இதுவரையில் தொழிலாளிக்குச் சொன்னேன். வாங்குகிறவர்களாகிய உங்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. தோல் சாமானில் கண்ணுக்கு அதிகமாய் மறைந்திருப்பது எது? உட்தையல் அல்ல, உட்துணியும் அல்ல. அதைச் செய்த கை.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் என்று தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள் நமக்கு உண்டு. பச்சைத் தோலின் நாற்றத்திலும் சுண்ணாம்புத் தண்ணீரிலும் நின்று உழைத்தவர்களின் பிள்ளைகள் நமது பங்குகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர்களை மாத்திரம் தள்ளி நிற்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்தப் பாவம் ஊரோடு நில்லாமல் கோவிலுக்குள்ளும் நுழைந்தது. 1950-ஆம் ஆண்டில் அமலுக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் வெளித்தோலைச் சீர்படுத்தும். மனசின் உட்புறத்தில் அது ஒழிந்ததா? கலியாணப் பேச்சு நடக்கும்போதும், கல்லறையில் இடம் பார்க்கும்போதும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அர்ச். இராயப்பர் யோப்பா பட்டணத்தில் அநேக நாள் தங்கியிருந்தது யார் வீட்டில்? தோல் பதனிடும் சீமோன் வீட்டில். கடற்கரை ஓரத்து வீடு அது. தோல் பதனிடும் இடம் ஊரைவிட்டு 50 முழத்துக்கு அப்பால் இருக்கவேண்டும் என்று யூதரின் மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு சொல்லுகிறது. அந்தத் தொழிலின்மேல் அவ்வளவு அருவருப்பு. திருச்சபையின் தலைவர் அங்கே தங்கி, அந்த வீட்டு மேல்மாடியில்தான் செபிக்க ஏறினார். சுத்தமானது, அசுத்தமானது என்று மனுஷன் பிரித்த பிரிவைச் சர்வேசுரன் நீக்கிக் காட்டிய தரிசனம் அவருக்குக் கிடைத்ததும் அங்கேதான். எந்த மனுஷனையும் தீட்டுள்ளவனென்று சொல்லலாகாது என்ற பாடத்தை, தோல் தொழிலாளியின் கூரைமேல் நின்று திருச்சபை கற்றுக்கொண்டது!

பேரம் பேசும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நியாயமான விலையிலிருந்து நீங்கள் பிடுங்கும் ஒவ்வொரு ரூபாயும் எங்கே குறையும் தெரியுமா? வெளிப்புறத்தில் குறையாது. உள்ளே தையலில் குறையும், அல்லது தொழிலாளியின் வீட்டு உலையில் குறையும். 13-ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ஆம் ஆண்டில் எழுதின "ரேரும் நோவாரும்" என்னும் நிருபத்தில், தொழிலாளிக்கு அவன் ஜீவனத்துக்குப் போதுமான கூலி கொடுப்பது நீதியின் கடமை என்று போதித்தார். 12-ஆம் பத்திநாதர் பாப்பரசர் 1955-ஆம் ஆண்டில், மே மாதம் முதல் தேதியைத் தொழிலாளியான அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். கையால் செய்ததே வேண்டும், ஆனால் இயந்திர விலைக்கு வேண்டும் என்று கேட்கிறவன், இன்னொருவனை மறைவில் களவு செய்யத் தூண்டுகிறான்.

நமது உட்புறம்

கடைசியாக, நம்மை நாமே பிரித்துப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது நமது மயிர்ப்புறம் நன்றாய் மினுங்குகிறது: சலவை உடை, கையில் செபமாலை, முகத்தில் அடக்கம். சதைப்புறம் எப்படி? வீட்டுக்குள் பேசும் பேச்சு, கணக்குப் புத்தகம், தனிமையில் வரும் நினைவு, தீராத மனஸ்தாபம், இவைகள் அல்லவா நமது உட்தையல்? பாத்திரத்தின் வெளியைத் துலக்கி உள்ளே அழுக்கை விட்ட பரிசேயரை நமது ஆண்டவர் கண்டித்தது எவ்வளவு கடுமையாக!

உங்கள் ஆத்துமத்திலும் அதே வரிசையைப் பின்பற்றுங்கள். முதலில் உறுதி: கொடுக்கவேண்டியதைக் கொடுத்து, பாவத்தை விட்டு, அறுந்த இடத்தை நல்ல பாவசங்கீர்த்தனத்தால் தைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது சுத்தம்: தினமும் இரவில் ஆத்தும சோதனை. அதன்பின் அலங்காரம்: ஒருவரும் அறியாமல் செய்த ஒருத்தல், கணக்கில் எழுதாத தருமம், பதிலுக்குப் பதில் பேசாமல் விழுங்கின ஒரு வார்த்தை. மாமியார் படுக்கையில் கிடக்க, வெளியே சொல்லிக்கொள்ளாமல் அவளைத் துடைத்துக் கழுவும் மருமகளின் கையைவிட அழகான பூவேலை எந்தப் பட்டறையில் இருக்கிறது?

இந்த வாரத்துக்கு ஒரு தீர்மானம் எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தொழில் செய்கிறவர்கள், யாரும் பிரித்துப் பார்க்காத ஒரு தையலை ஆண்டவர் பார்க்கிறாரென்று நினைத்துச் சரியாகப் போடுங்கள். வாங்குகிறவர்கள், செருப்புத் தைத்துக் கொடுப்பவரின் பெயரைக் கேட்டு அறிந்து, கேட்ட நியாயமான கூலியை முகம் கோணாமல் கொடுங்கள். பெற்றோர், பிள்ளைகளின் நோட்டில் எழுத்தழகை மாத்திரம் பாராமல், காப்பியடியாமல் எழுதினார்களா என்று கேளுங்கள்.

அந்தரங்கங்களை அறிகிற ஆண்டவர், நாம் மறைவில் போட்ட தையல்களை உறுதிப்படுத்தி, கடைசி நாளில் நம்மைத் திருப்பிப் பார்க்கும்போது உள்ளும் புறமும் ஒன்றாயிருக்கக் காணும்படி கிருபை செய்வாராக. உழைப்பாளரான அர்ச். சூசையப்பர் நமக்காக மன்றாடுவாராக. ஆமென்.